களைக்கொல்லி எங்கே தாக்குகிறது?

நெல் வயலில் பிஸ்பைரிபாக் சோடியம் தெளித்து நான்கைந்து நாட்களான பின்னும் குதிரைவாலிப் புல் பச்சை மாறாமல் நிற்கக் கண்டு, மருந்து போலியோ என்று ஐயுற்று, மறுபடியும் தெளித்துவிடும் அங்கத்தினர் பலர். அந்த இரண்டாவது தெளிப்பு பெரும்பாலும் வீண் செலவு. சில சமயம் பயிருக்கும் கேடு. மருந்து முதல் நாளே தன் வேலையைத் தொடங்கியிருக்கும். புல்லின் உடலில் அது எந்த இடத்தைப் பற்றுகிறது என்று அறிந்துகொண்டால், இத்தாமதத்தின் காரணமும், இதைவிடப் பெரிய வேறோர் அபாயமும் விளங்கும்.

செடியின் வளர்ச்சிக்குப் புரதம் வேண்டும். 20 வகை அமினோ அமிலங்களே அந்த நெசவுக்கு நூல். ஒரு நிற நூல் தீர்ந்தாலும் தறி நிற்குமல்லவா? அவற்றுள் வேலின், லூசின், ஐசோலூசின் என்னும் மூன்றையும் தாவரம் தானே தயாரித்துக்கொள்கிறது. மனிதனும் கால்நடையும் உணவிலிருந்தே பெறவேண்டும். இம்மூன்றின் தயாரிப்புக்கும் பொதுவான முதற் படியை நடத்துவது அசிட்டோலாக்டேட் சிந்தேஸ் என்னும் நொதி. பைருவேட் என்ற பொருளின் மூலக்கூறுகள் இரண்டை எடுத்து, கரியமில வாயுவை வெளியேற்றி, எஞ்சியதை ஒன்றாகப் பிணைக்கிறது அது. ஐசோலூசினுக்கு மட்டும் இரண்டாவது பைருவேட்டின் இடத்தில் வேறொரு பொருள் வருகிறது. நம் உடலில் இந்நொதி இல்லை. ஆகவே களையைக் கொல்லும் அவ்வழியில் இம்மருந்து நம்மைத் தாக்குவதில்லை. அதற்காக முகத்துணியும் கையுறையுமின்றித் தெளிக்கலாம் என்று எவரும் எண்ணவேண்டாம்.

இந்நொதி இலையின் பசுங்கணிகத்தில் வேலை செய்கிறது. ஒரே மாதிரியான புரதத் துண்டுகள் சேர்ந்து அமைந்தது. இரண்டு துண்டுகள் கூடும் இடுக்கில்தான் வேலை நடக்கும் பீடம் இருக்கிறது. அங்கே தயமின் என்னும் பி1 வைட்டமினிலிருந்து உண்டான துணைப்பொருள் ஒன்று, மக்னீசியத்தால் பிடித்து நிறுத்தப்பட்டு, பைருவேட்டைப் பற்றுகிறது. இவற்றோடு கண்காணிப்புத் துண்டுகளும் உண்டு. வேலின் முதலியன மிகுந்துவிட்டால், கிடங்கு நிறைந்த ஆலை ஓட்டத்தைத் தணிப்பதுபோல், அவை நொதியின் வேகத்தைத் தணிக்கின்றன.

மருந்து அந்தப் பீடத்தில் போய் அமர்கிறது என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. 2006-இல் ஆஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸின் நொதியை மருந்தோடு சேர்த்துப் படிகமாக்கி, எக்ஸ்ரே கதிரால் அதன் அமைப்பை வெளியிட்டனர். பீடத்துக்குச் செல்லும் குறுகிய வழியில் மருந்து சிக்கி நின்று, பைருவேட்டை உள்ளே விடாமல் தடுக்கிறது என்பது அதில் தெளிவாயிற்று.

வாயில் அடைபட்டதும் புதுத் திசு உண்டாவது நிற்கிறது. ஆனால் முன்பே வளர்ந்த இலைகள் உடனே சாவதில்லை. முதலில் குருத்து வாடும். புல் முழுதும் மஞ்சளித்து மடிய இரண்டு மூன்று வாரமும் ஆகலாம். நெல்லின் நொதியும் இம்மருந்துக்கு அடங்கியதே. நெல் பிழைப்பதன் காரணம், வேறு நொதிகள் மருந்தை விரைவில் சிதைத்துவிடுவதுதான். இரட்டை அளவு தெளித்தால் அந்தச் சக்தி போதாமல் பயிரும் மஞ்சளிக்கக்கூடும்.

இனி அந்தப் பெரிய அபாயம். வழியை அமைக்கும் அமினோ அமிலங்கள் பல நொதியின் வேலைக்கு இன்றியமையாதவை அல்ல. அவற்றுள் ஒன்று மாறினாலும் மருந்து பிடிப்பிழக்கும். நொதியோ முன்போலவே இயங்கும். 197-ஆம் இடத்துப் புரோலின் மாறினால் குறிப்பாக சல்ஃபோனைல்யூரியா இன மருந்துகள் தோற்கின்றன. 574-ஆம் இடத்து டிரிப்டோபான் மாறினால் இந்நொதியைத் தாக்கும் பல இன மருந்துகளும் ஒருங்கே தோற்கின்றன. இம்மாறுதலை மருந்து உண்டாக்குவதில்லை. இலட்சக்கணக்கான களைகளில் எங்கோ ஒன்றில் அது முன்பே இருக்கும். மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் ஒழித்துக் கொடுப்பதே மருந்தின் பங்கு.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் குளோர்சல்ஃபூரான் ஐந்தாண்டு தொடர்ந்து தெளிக்கப்பட்ட கோதுமை வயலொன்றில், அதற்கு அஞ்சாத முள் லெட்யூஸ் களை 1987-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நாட்டில் 2002-இல் இம்மருந்தினம் தாங்கும் நெல் விற்பனைக்கு வந்தது. அதனோடு மகரந்தம் கலந்த சிவப்புக் களைநெல்லும் பின்னர் அத்தாங்கும் குணத்தைப் பெற்றுவிட்டது. நம் நாட்டில் 2021-இல் வெளியான பூசா பாஸ்மதி 1979, 1985 என்னும் இரகங்களும் இதே நொதியின் மாற்றத்தால் இமாஸெதாபைரைத் தாங்குபவையே. அவற்றைப் பயிரிடுவோர் இதை நினைவிற் கொள்ளவேண்டும்.

கடையில் பெட்டியின் பெயரை மட்டும் மாற்றி வாங்குவது மருந்தை மாற்றியதாகாது. பிஸ்பைரிபாக், பென்சல்ஃபூரான், பைரசோசல்ஃபூரான், பெனாக்ஸ்சுலம், பருத்திக்குரிய பைரிதயோபாக் ஆகிய யாவும் இந்த ஒரே வாயிலையே அடைக்கின்றன. மருந்தின் மூலப்பெயரைப் பெட்டியின் மேல் பார்த்து வாங்குக. நெல்லுக்கு ஒரு போகம் இவ்வினம் தெளித்தால், மறு போகம் வேறிடத்தைத் தாக்கும் பிரெட்டிலாகுளோரையோ, புல்லினக் களை மட்டும் மிகுந்திருந்தால் சைஹாலோஃபாப்பையோ கொள்ளலாம். இவற்றின் தெளிக்கும் பருவம் வேறு என்பதால் விரிவாக்க அலுவலரைக் கலந்துகொள்க. மூன்று வாரம் கழித்தும் பச்சையாக நிற்கும் பூண்டுகள் சிலவே ஆயினும், விதை உதிருமுன் கையால் பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிடுக.