மோட்டார் ஒயரும் ஊர்க்காவலும்

குத்தம்பாக்கம் பக்கம் வயலை ஒட்டியே வீட்டுமனைகள் வந்துவிட்டன. யார் ஊர்க்காரர், யார் வெளியாள் என்றே தெரிவதில்லை. செம்புக்காக மோட்டார் ஒயரை அறுத்துவிட்டால், நட்ட வயல் வெடிப்பு விட்டுவிடும். போலீசுக்கு ஊர்மக்களின் துணை அவசியம்தான். 1993-ல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் ‘காவல்துறை நண்பர்கள்’ அமைப்பைத் தொடங்கியதும் அதற்காகத்தான். சாத்தான்குளம் தந்தை-மகன் காவல் மரணத்துக்குப் பிறகு, 2020-ல் அரசு அதற்குத் தடை விதித்தது. நண்பர் கையில் லத்தி எதற்கு?

முறை வைத்துக் காவல் இருங்கள். சந்தேகமான ஆளைப் பார்த்தால் 112-க்குச் சொல்லுங்கள். கட்டிவைத்து அடிக்காதீர்கள், வழக்கு உங்கள்மேல் திரும்பும். மோட்டாரின் வரிசை எண்ணை இன்றே குறித்து வையுங்கள். திருட்டுப் போனால் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம், குத்தம்பாக்கத்தார் ஆவடி கமிஷனருக்கு அனுப்ப வேண்டும்.