நழுவாத காலுறை

1822 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மன்னர் நான்காம் ஜார்ஜ் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பு ஏற்பாடெல்லாம் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் கைவண்ணம். ஹாலிரூட் அரண்மனையில் மன்னர் டார்ட்டன் என்ற கட்டம் போட்ட துணியில் தைத்த சிவப்புக் கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் பாவாடை, அணிந்து காட்சி தந்தார். கில்ட் கொஞ்சம் குட்டை. கால்களை மறைக்க உள்ளே சதை நிறத்தில் இறுக்கமான கால்சட்டை போட்டிருந்தார். கேலி செய்தவர்களுக்குக் கொண்டாட்டம். சில ஆண்டுகள் கழித்து டேவிட் வில்கி வரைந்து முடித்த ஓவியத்தில் அந்தக் கால்சட்டையைக் காணோம்; மன்னரின் முழங்கால் வெறுமையாக இருக்கிறது. கில்ட் உடுப்பின் இலக்கணமே அதுதான். முழங்கால் தெரிய வேண்டும். மேலே கில்ட்டின் ஓரமும் கீழே காலுறையின் மடிப்பும்தான் அதற்கு எல்லை.

இந்தக் காலுறைக்குக் கில்ட் ஹோஸ் என்று பெயர். முழங்கால் சில்லுக்கு இரண்டு மூன்று விரல் கீழே இது நிற்க வேண்டும். மேல் பகுதியை வெளிப்புறமாக மடித்து விடுவார்கள். மடிப்புக்குள்ளே ஒரு எலாஸ்டிக் பட்டை ஒளிந்திருக்கும். அதில் கோத்த இரண்டு சிறு துணி நாடாக்கள் மட்டும் காலின் வெளிப்பக்கம் எட்டிப் பார்க்கும். அவற்றை ஃப்ளாஷ் என்பார்கள். வலது கை வழக்கமுள்ளவர்கள் ஸ்கீன் டூ என்ற சிறு கத்தியை வலது காலுறைக்குள் செருகிக்கொள்வார்கள். ஆக இது வெறும் காலுறை அல்ல. மடிப்பு, பட்டை, நாடா, கத்தி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நாள் முழுக்க ஒரே உயரத்தில் நிற்க வேண்டிய துணி. வாங்குவதிலும் துவைப்பதிலும் உள்ள கேள்விகள் எல்லாம் கடைசியில் இது எதனால் கீழே இறங்காமல் நிற்கிறது என்ற ஒரே கேள்வியில்தான் போய் முடிகின்றன.

கால் உருளை இல்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஒடுங்கி, கெண்டைச் சதையில் பருத்து, கணுக்காலில் மறுபடி ஒடுங்குகிறது. எலாஸ்டிக் பட்டை அந்த மேல் ஒடுக்கத்தில், கெண்டைச் சதைக்கு மேலே உட்கார வேண்டும். கெண்டைச் சதையின் மீதே கட்டினால் நாலு எட்டு வைப்பதற்குள் இறங்கிவிடும். இறங்குகிறதே என்று பட்டையை இறுக்குபவர்கள் உண்டு. மாலையில் காலில் சிவப்பு வளையம் விழுவதுதான் மிச்சம். பட்டை பாதி வேலையைத்தான் செய்யும். மீதி பாதி நூலின் வேலை.

பின்னல் காலுறை பரவுவதற்கு முன் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தார் நெய்த டார்ட்டன் துணியையே வெட்டிக் காலுக்குத் தைத்துக்கொண்டார்கள். நெய்த துணி இழுத்தால் நீளாது. அதனால் துணியைக் குறுக்காக, மூலைவாட்டில் வெட்டினார்கள். அந்த வாக்கில் மட்டும் அது கொஞ்சம் இளகிக் கொடுக்கும். அப்படி வெட்டும்போது டார்ட்டனின் சதுரக் கட்டங்கள் காலின் மீது சாய்ந்து வைர வடிவமாகத் தெரியும். பின்னலுக்கு மாறிய பிறகும் அந்த வடிவத்தை விடவில்லை. இன்று சாக்ஸிலும் ஸ்வெட்டரிலும் காணும் ஆர்கைல் கட்டங்களின் பூர்வீகம் இதுதான். ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகளின் இருநிறக் கட்டக் காலுறைகளும் இதே வழி வந்தவை. பிளாக் வாட்ச் படையினருக்குச் சிவப்பும் கறுப்பும், ஆர்கைல் படையினருக்குச் சிவப்பும் வெள்ளையும்.

பின்னல் வந்ததும் நீட்சி தானாக வந்தது. ஆனால் நீண்டது திரும்பவும் சுருங்க வேண்டுமே. கம்பளியின் பெருமை அங்கேதான். ஆட்டு மயிர் இயல்பிலேயே நெளிநெளியாக இருக்கும். இழுத்தால் நெளிவு நிமிரும், விட்டால் மீளும். உலர்ந்த கம்பளி இழையை அதன் நீளத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு வரை இழுத்தாலும் அறுவதில்லை. அதோடு, தன் எடையில் 30 விழுக்காடு வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் நைலான் வாங்கும் ஈரம் 4 விழுக்காடுதான், அக்ரிலிக் அதிலும் குறைவு. முழு அக்ரிலிக் காலுறைக்குள் கால் புழுங்குவதற்குக் காரணம் சூடு மட்டுமல்ல, வியர்வைக்குப் போக்கிடம் இல்லாததும்தான்.

இதை வைத்து நூறு விழுக்காடு கம்பளியே உயர்ந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். ஷூவுக்குள் குதிகாலும் முன்பாதமும் படும் உராய்வைக் கம்பளி வெகுநாள் தாங்காது. வாலஸ் கரோதர்ஸின் குழு 1935இல் டூபான்ட் ஆய்வகத்தில் உருவாக்கிய நைலானுக்கு இந்த இடத்தில் ஈடில்லை. காலுக்குக் கம்பளி, பாதத்துக்கு நைலான் என்பதே என் கட்சி. முக்கால் பங்கு கம்பளியும் கால் பங்கு நைலானும் கலந்த நூல் இந்த இரண்டையும் ஓரளவு நிறைவேற்றுகிறது. சிலர் குதியிலும் விரல் பகுதியிலும் மட்டும் நைலான் இழையைக் கூடுதலாகச் சேர்த்துப் பின்னுகிறார்கள். அது இன்னும் புத்திசாலித்தனம்.

கடையில் காலுறையை எடுத்து முதலில் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் பாருங்கள். நல்ல ஹோஸில் கெண்டைக்காலின் பின்புறம் நடுக்கோட்டின் இருபக்கமும் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே வந்த தடம் தெரியும். கணுக்காலை நோக்கிக் கண்ணி குறைந்தால்தான் அங்கே துணி மண்டாது. மலிவானதில் மேலிருந்து கீழ்வரை ஒரே எண்ணிக்கை; லைக்ரா என்ற இழுபடும் செயற்கை இழைதான் அதைப் பிடித்து வைத்திருக்கும். லைக்ரா தளர்ந்த நாளோடு அதன் ஆயுளும் முடிந்தது. அடுத்து, பாத அளவோடு கெண்டைக்காலின் சுற்றளவையும் அளந்துகொண்டு போக வேண்டும். ஷூ எண்ணை மட்டும் சொல்லி வாங்குவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. கம்பளி குத்துகிறது என்பவர்கள் மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளியைக் கேட்கலாம். இழை சுமார் 30 மைக்ரானுக்கு மேல் தடித்தால்தான் தோலில் உறுத்தும். மெரினோ அதற்கு வெகு கீழே.

வாடகைக் கடைகள் திருமணத்துக்கு வருபவர்களுக்கெல்லாம் வெள்ளைக் காலுறை கொடுப்பது வழக்கம். எந்த டார்ட்டனோடும் ஒத்துப்போகும் என்பது அவர்கள் கணக்கு. மரபு பார்ப்பவர்களுக்கு அது பிடிக்காது. பகலில் சாம்பல், கரும்பச்சை, நீலம் என்பார்கள். எனக்கு வெள்ளையில் அழகைவிடப் பராமரிப்புதான் கவலை. வெள்ளைக் கம்பளி வெயிலில் மஞ்சளாகும். மஞ்சளைப் போக்குகிறேன் என்று பிளீச்சிங் திரவத்தில் போட்டால் இன்னும் மஞ்சளாகி, இழையே கரையத் தொடங்கும்.

கம்பளி இழையின் மேல்புறம் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்களால் ஆனது. சூடும் சோப்பும் கசக்கலும் ஒன்றுசேர்ந்தால் இழைகள் ஒரே திசையில் ஊர்ந்து, செதிலோடு செதில் மாட்டிக்கொண்டு இறுகும். பிறகு எந்த வித்தையாலும் பிரிக்க முடியாது. பெரியவர் காலுறை பிள்ளை அளவுக்குச் சுருங்குவது இப்படித்தான். 'சூப்பர்வாஷ்' என்று லேபிளில் இருந்தால் அந்தச் செதில்களை மழுக்கி மெல்லிய ரெசின் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். மெஷினில் கம்பளிக்கான சுழற்சியில் போடலாம். மற்றவற்றுக்கு வெதுவெதுப்பான நீர், கம்பளிக்கென்றே விற்கும் திரவம், கசக்காமல் அமுக்கி எடுத்தல். என்சைம் கலந்த சலவைத்தூள் கூடாது. கறையிலுள்ள புரதத்தைத் தின்பது அதன் வேலை, கம்பளியும் புரதம்தான். பிழியாதீர்கள்; உலர்ந்த டவலில் சுருட்டி அழுத்தினால் நீர் இறங்கிவிடும். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் நீளும், அதனால் பரப்பிக் காயவைக்க வேண்டும். செயற்கை இழைக்கு இத்தனை சடங்கு வேண்டாம். டிரையரின் சூட்டைத் தவிர்த்தாலே லைக்ரா பிழைக்கும்.

முத்துமுத்தாக உருளும் நூல்முடிச்சு கம்பளி, செயற்கை இழை இரண்டிலும் வரும். கம்பளியில் நாளடைவில் உதிர்ந்துவிடும். அக்ரிலிக்கின் முடிச்சு அவ்வளவு சீக்கிரம் உதிராது.

செயற்கை இழையை அந்துப்பூச்சி பெரும்பாலும் சீண்டாது. கம்பளியைத் தின்பதும் பறக்கும் பூச்சியல்ல, அதன் புழு. வியர்வையும் அழுக்கும் படிந்த இடம் அதற்கு விருந்து. ஒரு முறை போட்டதைத் துவைக்காமல் பெட்டியில் வைப்பதுதான் ஓட்டைக்கு முதல் காரணம். அந்துருண்டை நாற்றம் பிடிக்காதவர்கள், துவைத்துக் காய்ந்ததைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும்.

குதிகால் ஓட்டையை முழுசாக விழும்வரை விடாமல், துணி மெலிந்து கண்ணாடிபோல் தெரியும்போதே நைலான் கலந்த நூலால் இழையோட்டிவிட வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று படைப்பிரிவுகள் வேறொரு வழி கண்டன. ஷூவின் மேல் ஸ்பாட் என்ற துணி உறை மாட்டுவதால் அவர்களின் பாதம் எப்படியும் மறைந்துவிடும். அதனால் பாதமே இல்லாத, கணுக்காலோடு முடியும் ஹோஸ் டாப் போட்டு, உள்ளே சாதாரண சாக்ஸ் அணிந்தார்கள். சாக்ஸ் கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம். நுணுக்கமான கட்டப் பின்னல் போட்ட மேல்பகுதி ஆண்டுக்கணக்கில் உழைக்கும். பேக்பைப் வாசிக்கும் குழுக்களில் இன்றும் இதைக் காணலாம்.