பழுப்பு நிலக்கரி ஊருக்கு மின்விமானம் வருமா?

மின்சாரம் தயாரிப்பதைப் பற்றி நெய்வேலிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதைச் சுமந்துகொண்டு பறப்பதுதான் பெரும்பாடு. அந்தப் பாட்டை அனுபவித்தவர் ஆந்த்ரே போர்ஷ்பெர்க். ஸ்விட்சர்லாந்து விமானப்படையில் போர் விமானியாக இருந்தவர். படித்தது இயந்திரப் பொறியியல். அவரும் பெர்ட்ராண்ட் பிக்காரும் மாறி மாறி ஓட்டிய சூரிய மின்விமானம் ‘சோலார் இம்பல்ஸ் 2’, உலகைச் சுற்றிவர 2015 மார்ச்சில் அபுதாபியில் கிளம்பி மஸ்கட் வழியாக அகமதாபாத்துக்கும் வாரணாசிக்கும் வந்துபோனது. இறக்கையின் நீளம் 72 மீட்டர், மேலே 17,248 சூரிய மின்கலங்கள். எடையோ 2.3 டன்தான்.

அதே ஆண்டு ஜப்பானின் நகோயாவிலிருந்து ஹவாய்க்குப் போர்ஷ்பெர்க் தனியாகப் பறந்தார்: 117 மணி 52 நிமிடம். பகலில் பேட்டரியை நிரப்பியபடி உயரே ஏறுவது, இரவில் மெல்ல மெல்ல இறங்கி மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது. உறக்கம் இருபது இருபது நிமிடமாக. ஆனால் பேட்டரிகள் அளவுக்கு மீறிச் சூடேறிப் பழுதாகிவிட்டன. குளிர் தாக்காமலிருக்கச் சுற்றிய காப்பு அதிகமாகிப்போனது ஒரு காரணம். விமானம் மறுபடி கிளம்பியது 2016 ஏப்ரலில். அபுதாபி திரும்பியது ஜூலையில்.

கோளாறு எப்போதும் இந்தச் சேமிப்பில்தான். அந்தப் பேட்டரி கிலோவுக்குக் கால் யூனிட் பிடித்தது. விமான எரிபொருளில் கிலோவுக்குச் சுமார் 12 யூனிட் வெப்பம். பாதிக்குப் பாதி ஈரமாக வெட்டியெடுக்கும் நம் பழுப்பு நிலக்கரியிலேயே ஏறக்குறைய 3 யூனிட் இருக்கிறது! அதனால்தான் போர்ஷ்பெர்க் பிறகு தொடங்கிய ‘எச்55’ நிறுவனம் ஜம்போ ஜெட் பக்கம் போகாமல், சிறு விமானங்களுக்கான மின் உந்துவிசையில் இறங்கியது. 2020-இல் ஐரோப்பாவில் முதன்முதலாகச் சான்று பெற்ற மின்விமானமான ‘வெலிஸ் எலக்ட்ரோ’வும் இரண்டே பேர் அமரும் பயிற்சி விமானம்தான், ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. சென்னை ஐஐடி பேராசிரியர் சத்யா சக்கரவர்த்தி தொடங்கிய ‘இ-பிளேன்’ நிறுவனமும் நகரத்துக்குள் பறக்கும் மின் டாக்ஸியைத்தான் உருவாக்குகிறது.

குறைந்த தூரம், குறைந்த ஆட்கள். இந்தக் கணக்குக்கு நெய்வேலி பொருந்தும் என்றே எனக்குப் படுகிறது. நெய்வேலிச் சுரங்கங்களை நடத்தும் என்.எல்.சி. நிறுவனம் போட்ட ஓடுபாதை இருக்கிறது. சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் ‘உடான்’ திட்டப் பட்டியலில் 2017-லேயே பெயரும் ஏறியது. சென்னை, சாலைவழியே சுமார் 200 கிலோமீட்டர். பேட்டரி இன்னும் கொஞ்சம் தேறினால் எட்டிவிடும்.

ஆனால் ராத்திரியில் சார்ஜ் ஏற்றினால் அது அனல்மின் நிலையத்து மின்சாரம். புகை வானத்திலிருந்து புகைபோக்கிக்கு இடம் மாறும், அவ்வளவுதான். சூரிய மின்சாரத்தில் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிய என்.எல்.சி., தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தோடு பேட்டரிச் சேமிப்பையும் நிறுவியிருக்கிறது. ஓடுபாதைக்குப் பக்கத்தில் அதில் சிறு பங்கு அமைத்தாலே, பகல் வெயிலைப் பிடித்துவைத்து இரவில் சிறு விமானங்களுக்கு ஏற்றிவிடலாம்.