செராமிக் கோட்டிங்: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

ஒரே மைவி கார். ஒரு கடையில் 500 ரிங்கிட் என்கிறார்கள். இன்னொரு கடையில் 1,200. குளிரூட்டிய அறை வைத்திருக்கும் கடைக்குப் போனால் 2,500 வரை ஏறுகிறது. மூன்று இடத்திலும் சொல்லும் பெயர் ஒன்றுதான்: செராமிக் கோட்டிங். பெர்மாஸ் ஜெயா வட்டாரத்தில் மட்டுமல்ல, மலேசியாவின் ஜொகூர் பாரு நகர் முழுக்கவே இந்த வேலையின் விலை இப்படித்தான் விரிந்து கிடக்கிறது. வாடிக்கையாளர் குழம்புவதில் வியப்பில்லை.

இது சின்னத் தொகையும் இல்லை. 2025 பிப்ரவரியில் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. நடுத்தர விலையில் ஒரு கோட்டிங் போட்டாலே அந்தச் சம்பளம் வாங்கும் தொழிலாளியின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். 2023-இல் பெரோடுவா நிறுவனம் ஆக்சியா இ காரை 22,000 ரிங்கிட்டுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தக் காருக்கு 2,200 ரிங்கிட்டில் கோட்டிங் போட்டால், கார் விலையில் பத்தில் ஒரு பங்கு மேற்பூச்சுக்கே போகிறது. புதுக் கார் வாங்கும் மகிழ்ச்சியில் இருக்கும் குடும்பத்திடம் விற்பனையாளர் கோட்டிங் பேக்கேஜையும் சேர்த்துச் சொல்லும்போது, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க யாருக்கும் அவகாசம் இருப்பதில்லை. கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

அந்தக் காசு எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

காரின் நிறத்துக்கு மேலே நிறமற்ற ஒரு பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். தொழிற்சாலையிலேயே அடித்து, சூடேற்றிக் கெட்டியாக்கியது. பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் 40 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. வெயிலையும் மழையையும் முதலில் தாங்குவது இதுதான். செராமிக் கோட்டிங் இதன்மேல் ஒட்டிக்கொள்ளும் இன்னொரு மெல்லிய படலம். சிலிக்கான் சார்ந்த திரவம் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து இறுகி, ஏறக்குறைய ஒரு மைக்ரான் தடிமனில் நின்றுவிடும். அது செய்யும் நல்ல காரியங்கள் உண்மையானவை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். அழுக்கு எளிதில் ஒட்டாது. கழுவும் வேலை குறையும். பறவை எச்சம் பெயிண்டைத் தொட முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். ஆனால் லாரிச் சக்கரம் தெறிக்கவிடும் கல்லையோ, யாரோ சாவியால் கீறுவதையோ, கதவின் உள்மடிப்பில் பிடிக்கும் துருவையோ ஒரு மைக்ரான் படலம் தடுக்காது.

இனி விலைக்கு வருவோம். பெயர் பெற்ற நிறுவனங்களின் கோட்டிங் திரவம் 30 அல்லது 50 மில்லி புட்டியில் வரும். ஒரு நடுத்தரக் காருக்கு ஒரு புட்டியே போதும். அதன் விலை சில நூறு ரிங்கிட். அப்படியானால் மிச்சம் எதற்கு? மனிதக் கைக்கு.

கோட்டிங் பூசுவது இந்த வேலையின் கடைசிக் கட்டம், அதுவும் குறுகிய கட்டம். அதற்கு முன்னால் காரை நன்றாகக் கழுவ வேண்டும். பிறகு இரும்புத் துகளைக் கரைக்கும் திரவத்தை அடிக்கிறார்கள். பிரேக்கிலிருந்து தெறித்த துகள்கள் பெயிண்டில் குத்தி நிற்கும் இடமெல்லாம் அது ஊதா நிறமாகி வழியும். அடுத்தது கிளே பார். மாவு போன்ற அந்தக் கட்டியால் பேனல் பேனலாகத் தேய்த்து, கழுவியும் போகாத அழுக்கை எடுப்பார்கள். கறுப்பு ரப்பர் விளிம்புகளில் டேப் ஒட்டுவார்கள். அதன்பிறகுதான் பாலிஷ் மெஷின் கையில் ஏறும். வெயிலில் பார்த்தால் வட்டவட்டமாகத் தெரியும் அந்த நுண்கீறல்களை, கிளியர் கோட்டை மிகச் சிறிதளவு தேய்த்துச் சமன் செய்வதுதான் பாலிஷ். ஒருமுறை பாலிஷ் என்றால் ஒரு ஆளுக்கு அரை நாளுக்கு மேல் பிடிக்கும். பழைய கார், கறுப்பு நிறம், இரண்டு கட்டப் பாலிஷ் என்றால் இரண்டு நாள்கூட ஆகும். முடிந்ததும் ஆல்கஹால் கலந்த திரவத்தால் எண்ணெய்ப் பசையைத் துடைத்தெடுத்த பிறகே புட்டியைத் திறப்பார்கள்.

இந்த உழைப்பைக் குறைத்தால் விலை குறையும். 500 ரிங்கிட் கோட்டிங்கின் ரகசியம் பெரும்பாலும் இதுதான். கழுவித் துடைத்து, மேலோட்டமாக ஒரு பாலிஷ் ஓட்டி, திரவத்தைப் பூசிவிடுவார்கள். சுரண்டாத சுவரில் சுண்ணாம்பு அடிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. கீறல்கள் அப்படியே படலத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பிறகு அவற்றை எடுக்க வேண்டுமானால் கோட்டிங்கையே தேய்த்து எடுத்தாக வேண்டும். வேலைக்குக் கொடுத்த காசும் போய், அதை அழிப்பதற்கும் காசு கொடுக்கும் நிலை வரும்.

ஜொகூரின் காற்றும் இந்த வேலையைக் கடினமாக்குகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைப் பாகைத் தூரத்தில், தெப்ராவ் நீரிணையின் கரையில் இருக்கும் ஊர் பெர்மாஸ் ஜெயா. ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் அதிகம். இந்தத் திரவம் ஈரத்தால் இறுகுவது என்பதால் இங்கே அது வேகமாக இறுகும். சிறு சிறு சதுரமாகப் பூசி, சரியான நேரத்தில் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துச் சமன் செய்யாவிட்டால் திட்டுத்திட்டாகக் கறை நின்றுவிடும். பூசிய பிறகு ஒரு நாளாவது கார் மழையில் நனையக் கூடாது. ஒரு வாரத்துக்கு சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது. மாலையில் இடி மின்னலோடு மழை கொட்டும் ஊரில், கூரையும் கதவும் உள்ள இடத்தில் காரை இரவு தங்கவைக்க வேண்டும். ஒரு கார் இரண்டு நாள் அடைத்துக்கொள்ளும் அந்த இடத்தில் எத்தனையோ கார்களைக் கழுவி அனுப்பியிருக்கலாம். அந்த வாடகை, குளிரூட்டி, விளக்கு எல்லாம் விலையில் சேர்ந்தே வரும். நல்ல கடை கூடுதலாகக் கேட்கும்போது அதில் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்து அதிரும் மெஷினைப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் இளைஞர். இந்தத் திரவத்தில் கரைப்பான்கள் உண்டு. மூடிய அறையில் அதன் ஆவியைச் சுவாசிப்பவர் அவர். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் அவரை வேலை வாங்கும் கடை, காரின் மேல் மட்டும் அக்கறை காட்டும் என்று நான் நம்பமாட்டேன்.

விலையை ஏற்றும் வேறொரு காரணம் நீரிணையின் எதிர்க்கரையில் இருக்கிறது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்க சி.ஓ.இ. என்ற உரிமைச் சான்றிதழ் வேண்டும். அதன் காலம் 10 ஆண்டு. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழின் விலை மட்டும் 150,001 சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டது. அத்தனை காசு கொடுத்து வாங்கிய காருக்கு, ரிங்கிட்டைவிட மதிப்பு கூடிய வெள்ளியைக் கையில் வைத்திருப்பவர் ஜொகூரில் சில ஆயிரம் ரிங்கிட்டைச் செலவழிப்பது அவருக்குச் சிக்கனம். காரைக் கழுவவும் பட்டறையில் விடவும் பாலம் தாண்டி வருபவர்கள் பலர். அவர்களை நம்பி விலை வைக்கும் கடையில், பாசிர் கூடாங் தொழிற்சாலையில் சம்பளம் வாங்குகிறவர் அதே விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவர் அந்தப் போட்டிக்குள் போகவே தேவையில்லை.

விளம்பரத்தில் தவறாமல் வருவது ‘9 எச் கடினம்’. இது பென்சில் சோதனையின் அளவு. வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களைப் பூச்சின்மேல் அழுத்தி இழுத்து, எது கீறுகிறது என்று பார்ப்பார்கள். 9 எச் என்பது அந்த வரிசையில் மிகக் கடினமான பென்சில். அந்தப் பென்சிலுக்குத் தாங்கும் பூச்சு, சாலைத் தூசிக்குத் தாங்கும் என்று பொருளில்லை. தூசியில் இருக்கும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ்; பென்சிலைவிட மிகக் கடினமானது. அழுக்குத் துணியால் காரைத் துடைத்தால், கோட்டிங் இருந்தாலும் கீறல் விழும்.

அதற்கடுத்தது வாரண்டி. மூன்று வருஷம், ஐந்து வருஷம், சில இடங்களில் ஆயுள் முழுக்க என்றுகூட எழுதியிருக்கும். அந்தத் தாளின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் அதே கடைக்கு வந்து பராமரிப்பு செய்துகொள்ள வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம், ஒருமுறை தவறினால் வாரண்டி செல்லாது என்ற நிபந்தனைகள் இருக்கும். நீர்க்கறை, பறவை எச்சம், கீறல் எதுவும் சேராது என்றும் இருக்கும். எடுத்துக்காட்டுக்கு, 1,500 ரிங்கிட் கோட்டிங்குக்கு ஆண்டுப் பராமரிப்பு 200 என்றால், ஐந்து ஆண்டில் நான்கு முறை போய்வரும்போது மொத்தம் 2,300 ரிங்கிட் ஆகிவிடும். வாங்கும்போது யாரும் 2,300 என்று சொல்வதில்லை.

அந்த ஆண்டுப் பராமரிப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. சிலர் ‘புதுப்பிக்கிறோம்’ என்று ஒவ்வொரு முறையும் மெஷின் பாலிஷ் ஓட்டுவார்கள். ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டில் சில மைக்ரானை எடுத்துவிடும். இருப்பதே 40, 50 மைக்ரான். காரைக் காக்கப் போட்ட பூச்சின் பெயராலேயே காரின் உண்மையான பாதுகாப்பைத் தேய்த்துத் தள்ளுகிறார்கள். பராமரிப்பு என்றால் கழுவல், கறை நீக்கல், மேலே ஒரு மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். மெஷினை எடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

நீர்க்கறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் கோட்டிங் போட்டவர்களின் பெரிய ஏமாற்றம் இதுதான். மழை நின்றதும் வெயில் அடிக்கும். முத்து முத்தாக நின்ற நீர் ஓடாமல் அங்கேயே காயும். நீரில் கரைந்திருந்த உப்புகளும் தூசியும் வட்டமாகப் படிந்துவிடும். வெட்டவெளியில் நிற்கும் காரில் கோட்டிங் இதைத் தடுப்பதில்லை. சில நேரம் கறை இன்னும் தெளிவாகவே தெரியும். இரண்டு நாளுக்குள் கழுவிவிட்டால் பெரும்பாலும் போய்விடும். வாரக்கணக்கில் விட்டால் படலத்தையே அரித்துவிடும். அதனால் ‘கோட்டிங் போட்டாச்சு, இனிக் கழுவ வேண்டாம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அப்படியானால் யார் போடலாம்? புதுக் கார் வாங்கி, ஏழெட்டு ஆண்டு ஓட்டப்போகிறவர், கூரைக்கு அடியில் நிறுத்துகிறவர், தானே கழுவும் பழக்கம் உள்ளவர். அவருக்கு ஒருமுறை நல்ல வேலைக்குக் கொடுக்கும் 1,000, 1,200 ரிங்கிட் வீண்போகாது. புதுக் காருக்குப் பாலிஷ் வேலை குறைவு என்பதால் விலையும் குறைய வேண்டும். பேரம் பேச அதுவே போதுமான காரணம். அடுக்குமாடியின் வெட்டவெளியில், மைனாக்கள் அடையும் மரத்தடியில் காரை நிறுத்துகிறவர் முதலில் ஒரு கார் உறை வாங்கலாம். பழைய சாகா, பழைய கான்சில் போன்ற கார் வைத்திருப்பவர் அந்தக் காசை டயருக்கும் பிரேக்குக்கும் கொடுக்கட்டும். உயிர் காப்பது அதுதான். காரில் கல் தெறிப்பதுதான் கவலை என்றால் தேவைப்படுவது பி.பி.எஃப். எனப்படும் பாலியூரிதேன் படலம். தடிமன் 150 மைக்ரானுக்கு மேல் இருக்கும். விலை பல ஆயிரம் ரிங்கிட். முன்பக்கத்துக்கு மட்டும்கூட ஒட்டிக்கொள்ளலாம்.

மற்ற எல்லோருக்கும் இரண்டு வாளி, நல்ல ஷாம்பு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணி, ஒரு புட்டி ஸ்பிரே சீலண்ட் போதும். நிழலில் நிறுத்தி, மேலிருந்து கீழாகக் கழுவி, ஈரம் துடைத்த பிறகு சீலண்டை அடித்துத் துடைத்துவிட்டால் இரண்டு மூன்று மாதம் தண்ணீர் அப்படியே உருண்டோடும்.

கடைக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டால், கேட்க வேண்டியதை முன்கூட்டியே கேளுங்கள். பாலிஷ் எத்தனை கட்டம், எத்தனை மணி நேரம்? பெயிண்ட் தடிமனை அளவியால் அளந்து காட்டுவார்களா? புட்டியை உங்கள் முன்னால் திறப்பார்களா? கார் இரவில் எங்கே நிற்கும்? ஆண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு? பதில்களைக் காகிதத்திலோ, குறைந்தது வாட்ஸ்அப்பிலோ வாங்கி வையுங்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். வாக்களித்தபடி வேலை செய்யாத கடை மீது மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் நீங்களே புகார் செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் அந்தத் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்.