சரிகை சொல்லும் சேதி

இராஜாக்கமங்கலத்தில் எங்கள் வீட்டு முற்றத்தைப் பெருக்காவிட்டால் என் மாமியாருக்குப் பொழுது விடியாது. அப்படிப்பட்டவருக்கு சென்ற மாதம் அடிக்கடி தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்பு. நாகர்கோவிலில் டாக்டர் ‘ஹோல்டர்’ கருவியை மாட்டிவிட்டார். 24 மணி நேரமும் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி அது. நெஞ்சில் ஒட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வயர், இடுப்பில் சின்னப் பெட்டி.

“இந்த வயரெல்லாம் மாட்டிக்கிட்டு எப்பிடி மக்ளே குனிஞ்சு நிமிர?” என்றார் அத்தை.

சொன்னபடியே ஆயிற்று. துடைப்பத்தோடு குனிந்தபோது வயர் இழுத்து ஒட்டு ஒன்று பிரிந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. பல மணி நேரப் பதிவு உதவாமல் போய், மறுபடியும் முதலிலிருந்து!

உடம்பு நீளுகிறது, வயர் நீளவில்லை. கோளாறு அங்கேதான். மூட்டு மடங்கும்போது தோல் நூற்றுக்கு 30 பங்கு வரை நீளும். செம்புக் கம்பியோ, நூற்றுக்கு ஒரு பங்கு இழுத்தாலே பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. இந்த இரண்டையும் எப்படி ஒத்துப்போக வைப்பது?

பீரோவில் ஒரு பாடம்

உங்கள் கல்யாணப் பட்டைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். வெள்ளிக் கம்பியைச் சன்னமாக இழுத்து, தட்டையாக்கி, பட்டு நூலின்மேல் சுருள் சுருளாகச் சுற்றி, தங்க முலாம் பூசினால் அசல் சரிகை. உலோகம்தான், ஆனாலும் கொசுவம் வைத்தால் சொன்னபடி மடிகிறதே!

1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மேகி ஆர்த், ரெஹ்மி போஸ்ட் முதலியோர் துணியிலேயே மின்சுற்று அமைக்க முயன்றார்கள். அவர்கள் கையில் எடுத்தது எது தெரியுமா? இந்தியாவில் நெய்துவரும் ஆர்கன்சா பட்டு! ஊடை நூலில் சுற்றியிருந்த மெல்லிய செப்புத் தகட்டில் மின்சாரம் ஓடிற்று.

ஆனால் சரிகை மடியுமே தவிர ரப்பர்போல் நீளாது. அதற்கும் உபாயம் கண்டார்கள். உலோகத்தை நேர்க்கோடாக வைக்காமல், சிக்குக் கோலம்போல் நெளிநெளியாக வளைத்து, ரப்பர் போன்ற மெல்லிய ஏட்டில் பதித்தார்கள். இழுத்தால் நெளிவு விரியும், உலோகம் அறாது. விட்டால் பழையபடி சுருங்கும். ஜான் ராஜர்ஸ் குழுவினர் 2011-ல் இப்படித் தோலில் ஒட்டும் கருவியைச் செய்து காட்டினார்கள். 2019-ல் குறைமாதக் குழந்தைகளுக்கு வயரே இல்லாத ஒட்டு தயாரானது. வயர்கள் குறுக்கே வராததால், தாய் தன் சிசுவை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள முடிந்தது. இதைவிட வேறென்ன வேண்டும்?

உங்கள் கவனத்துக்கு

ஹோல்டர் மாட்டச் சொன்னால், முன்பக்கம் திறக்கும் தளர்ந்த ரவிக்கை போடுங்கள். நெஞ்சில் எண்ணெய், பவுடர் வேண்டாம். கருவியை நனைக்கக் கூடாது. தலைசுற்றினால் மணியைக் குறித்து வையுங்கள். அவ்வப்போது ஒட்டுகளைப் பாருங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போகும்போது சரிகைத் துணி கூடவே கூடாது; உலோக இழை சூடேறித் தோலைச் சுட்டுவிடும்.

இரண்டாம் முறை துடைப்பம் என் கைக்கு வந்தது. பதிவும் ஒழுங்காகக் கிடைத்தது, மருந்தும் தொடங்கியாயிற்று. திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தை மட்டும் என்னை விடவில்லை.

“ஒரு நாளு நீ தூத்ததுக்கே முத்தம் இப்பிடியா மக்ளே கெடக்கு?”