மலையைக் கோட்டில் அடக்கியவர்கள்

1858 ஜூன் 14 அன்று புணேயிலிருந்து கண்டாலாவுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. பம்பாயிலிருந்து வந்த பாதை 1856-லேயே மலையடிவாரத்துக் கோபோலியைத் தொட்டிருந்தது. வரைபடத்தில் இவ்விரு கோடுகளும் சேராமல் நின்ற இடம்தான் போர் காட் மலைக்கணவாய். அந்த இடைவெளியைப் பயணிகள் பல்லக்கிலும் மட்டக்குதிரையிலும் மாட்டுவண்டியிலும் கடந்தார்கள்.

இடைவெளியை மூடும் பொறுப்பு கிரேட் இந்தியன் பெனின்சுலா (ஜி.ஐ.பி.) ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பெர்க்லியிடம் இருந்தது. மலைப்பாதைக்கு இரண்டு வகைப் படங்கள் தேவை. மேலிருந்து பார்க்கும் தளப்படம் வளைவுகளைக் காட்டும். பக்கவாட்டில் வெட்டிப் பார்க்கும் நெடுவெட்டுப் படம் ஏற்றத்தைக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பாதை புரியும். சுமார் 25 கிலோமீட்டரில் 1,831 அடி ஏற்றம், 25 சுரங்கங்கள், 8 உயர்பாலங்கள். மிகச் செங்குத்தான இடத்தில் 37 அடி முன்னேறினால் ஓரடி உயர வேண்டும்.

தளப்படத்தில் கண்ணை நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. கோடு ஒரு மலைமுகட்டில் முட்டி நின்று, கூர்மையான 'வி' வடிவில் பின்னோக்கித் திரும்பும். அதுவே ரிவர்சிங் ஸ்டேஷன். வளைத்துத் திருப்ப இடமில்லாததால் ரயில் அங்கே நின்றது. எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டிய பிறகே மேலே ஏறியது.

இந்தப் படங்களில் இல்லாதவர்கள் தொழிலாளர்கள். வேலை உச்சத்தில் இருந்தபோது 40,000-க்கும் மேற்பட்டோர் மலையில் இருந்தனர். செங்குத்துப் பாறைகளில் கயிறு கட்டி இறங்கி, வெடிமருந்துக்குத் துளையிட்டனர். காலராவும் காய்ச்சலும் விபத்துகளும் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோயின. ஒப்பந்ததாரர் சாலமன் ட்ரெட்வெல் 1859-இல் வந்த சில வாரங்களிலேயே இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் பொறியாளர்களை அமர்த்தி வேலையைத் தொடர்ந்தார். பெர்க்லியும் 1862-இல் மறைந்தார். பாதை 1863-இல் திறக்கப்பட்டது.

அதன் பிறகும் கோடு மாறிக்கொண்டே இருந்தது. 1867-இல் ஓர் உயர்பாலம் இடிந்து விழுந்தது. 1929-இல் புதிய சுரங்கங்களோடு பாதை நேராக்கப்பட்டு, ரிவர்சிங் ஸ்டேஷன் கைவிடப்பட்டது. மறு ஆண்டு டெக்கான் குயின் ரயில் ஓடத் தொடங்கியபோது, எஞ்சின் மாற்றித் திரும்பும் வேலை அதற்கு இருக்கவில்லை. 1863-ஆம் ஆண்டின் பாதையை இன்றைய பாதையின் மேல் வைத்துப் பார்த்தால், மலை வகுத்த வழியையும் பின்வந்த தொழில்நுட்பம் குடைந்த வழியையும் தனித்தனியே காணலாம்.