தள்ளியது யார்?

டீ கொஞ்சம் ஆறட்டும், அதற்குள் ஒரு கேள்வி. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். குறுக்கே ஒரு மாடு வர, டிரைவர் சட்டென்று பிரேக் அடிக்கிறார். நீங்கள் முன்னால் நிற்பவர் முதுகில் போய் முட்டுகிறீர்கள். உங்களைத் தள்ளியது யார்?

பஸ்தான் என்பார்கள். இல்லை, யாருமே தள்ளவில்லை. பஸ் ஓடிய அதே வேகத்தில் நீங்களும் ஓடிக்கொண்டிருந்தீர்கள். பிரேக் பிடித்ததும் பஸ்ஸின் தரை உங்கள் காலை மட்டும் நிறுத்தியது. இடுப்புக்கு மேலே அதே வேகம் தொடர்ந்தது. கம்பியைப் பிடித்திருந்தால் அது உங்களைப் பின்னுக்கு இழுத்திருக்கும். அங்கே உண்மையில் இருக்கும் விசை பின்னோக்கியதுதான்.

நியூட்டன் 1687இல் வெளியிட்ட பிரின்சிப்பியாவின் முதல் விதி இவ்வளவுதான்: வெளியிலிருந்து ஒரு விசை வந்து மாற்றும்வரை, நிற்பது நிற்கும், ஓடுவது நேர்கோட்டில் அதே வேகத்தில் ஓடும். ஓடுவதற்குத் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மாடு இழுப்பதை விட்டால் வண்டி நிற்கத்தானே செய்கிறது? உராய்வு கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் நிறுத்திக்கொண்டிருந்தால் யார்தான் கண்டுபிடிப்பார்கள்? கேரம் போர்டில் பவுடர் தூவினால் காய் வெகுதூரம் ஓடுகிறது. பவுடர் காயைத் தள்ளவில்லை; தடுப்பதைக் குறைத்தது.

இரண்டாம் விதி, அந்த விசை எவ்வளவு என்று கேட்கிறது. காரின் முன் சீட்டில் அம்மா மடியில் 10 கிலோ குழந்தை. கார் மணிக்கு 36 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 10 மீட்டரில் போகிறது. எதிலோ மோதி 0.1 நொடியில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். குழந்தையும் அதே நேரத்தில் நிற்க வேண்டுமானால், 10 கிலோவை 10ஆல் பெருக்கி 0.1ஆல் வகுங்கள்: 1000 நியூட்டன். ஏறத்தாழ 100 கிலோவைத் தூக்கிப் பிடிக்கிற பலம், அதாவது இரண்டு சிமெண்ட் மூட்டை. வேகம் 72 ஆனால் நான்கு மூட்டை. ‘நான் கெட்டியாப் பிடிச்சுக்கறேன்’ என்று சொல்லும் எந்தக் கைக்கும் இது முடியாது. அம்மாவே முன்னால் போய்க்கொண்டிருக்கிறார் என்பது வேறு. குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும் என்பது வெளிநாட்டுப் பகட்டு அல்ல, வெறும் பெருக்கல் வகுத்தல். பெல்ட்டும் ஏர்பேக்கும் செய்வது, வகுக்கும் அந்த 0.1ஐக் கொஞ்சம் பெரிதாக்குவது. கேட்ச் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு வாங்குவதும் இதற்குத்தான்.

மூன்றாம் விதியை எல்லோரும் ஒப்பிப்பார்கள்: ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு. அப்படியானால் இரண்டும் கழிந்துபோய் எதுவுமே நகரக்கூடாதே என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நல்ல கேள்வி. நடக்கும்போது உங்கள் கால் தரையைப் பின்னே தள்ளுகிறது. தரை உங்களை முன்னே தள்ளுகிறது. ஒன்று தரையின் கணக்கில் சேரும், மற்றது உங்கள் கணக்கில். இருவர் கணக்கை ஒன்றாக்கிக் கழிக்க முடியாது.

பெரிய ஆட்களும் இங்கே வழுக்கியிருக்கிறார்கள். 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் ராக்கெட் ஆராய்ச்சியாளர் ராபர்ட் கொடார்டைக் கிண்டல் செய்தது: வெற்றிடத்தில் உந்தித் தள்ள எதுவும் இல்லாதபோது ராக்கெட் எப்படிப் போகும்? ராக்கெட் காற்றைத் தள்ளுவதே இல்லை. தான் எரித்து வெளிவிடும் வாயுவைப் பின்னே தள்ளுகிறது, அந்த வாயு ராக்கெட்டை முன்னே தள்ளுகிறது. சுற்றிலும் காற்று இருந்தால் தொந்தரவுதான். கொடார்ட் 1945இல் காலமானார். பத்திரிகை திருத்தம் வெளியிட்டது 1969 ஜூலை 17 அன்று, அப்போலோ 11 நிலவை நோக்கிக் கிளம்பிய மறுநாள்.